பொத்தானை அழுத்தினால் பெட்டி வந்துவிடுமா?

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஏல நேரத்தில் ஆளுயரத்துக்கு அடுக்கி நிற்கும் பிளாஸ்டிக் மீன் பெட்டிகளைப் பார்க்காதவர் இந்த ஊரில் இருக்க மாட்டார்கள். அவற்றை வார்த்தெடுக்கும் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் வேலையைப் பற்றித்தான் தப்பும் தவறுமாக நிறையப் பேசுகிறோம்.

நம்பிக்கை: பொத்தானை அழுத்தினால் பெட்டி வந்து விழும், இன்ஜினீயருக்கு அங்கே என்ன வேலை?

உண்மை: பொத்தானை அழுத்தும் முன்பே அவருடைய வேலையில் பெரும்பகுதி முடிந்திருக்கும். மீன் பெட்டிக்குப் போடுவது பெரும்பாலும் எச்.டி.பி.ஈ. என்ற பாலிஎத்திலீன் வகை. 200 டிகிரிக்கு மேலான சூட்டில் உருகி, டை எனப்படும் எஃகு அச்சுக்குள் பாயும் அந்தக் குழம்பு, ஆறும்போது ஏறக்குறைய 2 விழுக்காடு சுருங்கும். 600 மி.மீ. நீளப் பெட்டிக்கு டையை 612 மி.மீ. வெட்ட வேண்டும். சுருக்கம் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல இருந்தால் கவலையே இல்லை. ஆனால் குழம்பு பாயும் திசையில் ஓர் அளவு, குறுக்கே வேறோர் அளவு சுருங்கும். ஒரு சுவர் முந்தி ஆறினாலும் பெட்டி கோணிவிடும். கோணிய பெட்டியின் மேல் அடுத்தது உட்காராது. ஐஸும் மீனுமாக ஏற்றிய அடுக்கு சரியும்.

ஒரு பெட்டிக்கு ஆகும் நேரத்தில் பாதிக்கு மேல் ஆறுவதற்கே போகிறது. சுவர் கனத்தை இரட்டித்தால் ஆற நான்கு மடங்கு நேரம். “கனமா போடுங்க சார், ஒழைக்கும்” என்று கேட்பவரிடம், மெல்லிய சுவரில் ரிப் என்னும் புடைப்பு வரிகளைக் கொடுத்தாலே அந்தப் பலம் கிடைக்கும் என்று வரைந்து காட்டிப் புரியவைக்க வேண்டும். இந்தத் தொழிலின் அழகே அதில்தான் இருக்கிறது என்பேன். இதையெல்லாம் முறையாகச் சொல்லித்தர 1968இல் சென்னை கிண்டியில் சிப்பெட் என்ற பிளாஸ்டிக் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. இப்போது மதுரையிலும் அதன் மையம் உண்டு.

நம்பிக்கை: உருக்குவதற்கு வரும் பிளாஸ்டிக் குருணை கடற்கரைக் காற்றில் நமத்துப்போகும்.

உண்மை: எந்தக் குருணை என்று கேட்க வேண்டும். பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும் ஈரத்தை உறிஞ்சுவதில்லை. நைலான் உறிஞ்சும். 80 டிகிரி வாக்கில் சில மணி நேரம் உலர்த்தாமல் போட்டால், பொருளின் மேல் வெள்ளிக் கீற்றுகள் ஓடும். பொருளும் சட்டென்று முறியும். ஆனால் இந்தக் கரையில் அதிகம் பயப்பட வேண்டியது டையைப் பற்றித்தான். சீக்கிரம் ஆறட்டும் என்று டையைக் குளிர்விக்கும் சில்லர் தண்ணீரை மிகக் குளிர வைத்தால், புழுக்கமான நாளில் டை வியர்க்கும். அந்தத் துளிகள் பொருளில் தழும்பாகப் பதியும். வியர்த்த டையைத் துடைக்காமல், துரு தடுக்கும் ஸ்பிரே அடிக்காமல் ஷிப்ட் முடித்துப் போனால் உப்புக்காற்று எஃகில் புள்ளி போட்டுவிடும். பல லட்ச ரூபாய் டை அது.

நம்பிக்கை: பிளாஸ்டிக் முழுக்கப் பெட்ரோலியச் சரக்கு.

உண்மை: பி.வி.சி.யின் எடையில் சுமார் 57 விழுக்காடு குளோரின். குளோரின் வருவது உப்பிலிருந்து. ஆறுமுகநேரி பக்கத்தில் சாகுபுரம் டி.சி.டபிள்யூ. ஆலையில் உப்பிலிருந்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கிறார்கள், பி.வி.சி.யும் அதே வளாகத்தில் தயாராகிறது. வீட்டுக் குழாயின் எல்போவும் டீயும் இன்ஜெக்‌ஷனில் வார்ப்பவை. நீளக் குழாய் மட்டும் எக்ஸ்ட்ரூஷன்.

நம்பிக்கை: தரையில் சிந்திய குருணை வெறும் குப்பை, பெருக்கித் தள்ளினால் போதும்.

உண்மை: மிகவும் வருந்தவேண்டிய அறியாமை இது. 2021இல் கொழும்புக்கு அருகே தீப்பிடித்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலிலிருந்து 1,600 டன்னுக்கும் அதிகமான குருணை கடலில் கலந்தது. 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியபோது, குருணை கன்னியாகுமரிக் கரை வரை ஒதுங்கியது. தண்ணீரில் அது கரையாது, மக்காது. மீன் முட்டை அளவில் மிதப்பதால் மீனும் பறவையும் இரையென்று விழுங்குகின்றன. 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பே நடக்காமல் போன நம் முத்துப்பார்களும், 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவும் இதே கடலில்தான் இருக்கின்றன.

கப்பல் விபத்தை மோல்டிங் இன்ஜினீயர் தடுக்க முடியாது. தன் ஆலையிலிருந்து ஒரு குருணைகூட வெளியேறாமல் அவரால் பார்த்துக்கொள்ள முடியும். குருணையைக் கொட்டும் ஹாப்பருக்கு அடியில் தட்டு வைக்கலாம், மூட்டை பிரிக்கும் இடத்தில் வாக்குவம் வைக்கலாம், மழைநீர் வடிகாலின் வாயில் நுண்வலை போடலாம். வேலைக்குச் சேருகிற பிள்ளைகள் இந்த மூன்றும் இருக்கின்றனவா என்று முதல் நாளே பார்க்கட்டும். இல்லையென்றால் கேட்டு வைக்கச் சொல்லட்டும்.