சம்பளச் சொற்களைத் தேடிப் போகிறவர்களுக்கு

சொற்களின் பிறப்பைத் தேட வேண்டும் என்ற ஆசையோடு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுக்கும் வேலை ஒன்றுதான். உழைப்புக்குக் கிடைக்கும் பணத்தை உலகம் என்னென்ன பெயர் சொல்லி அழைக்கிறது என்று தொகுத்து வரச் சொல்வேன். காதல், கடவுள் போன்ற சொற்களைக் கொடுத்தால் ஆளாளுக்குக் கற்பனையில் இறங்கிவிடுவார்கள். சம்பளத்தில் அதற்கு அவ்வளவு இடமில்லை. கொடுத்தவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர், நடுவில் ஒரு கணக்கு. கணக்கு என்று இருந்தால் எங்காவது எழுத்தில் ஏறியிருக்கும். அந்தக் கணக்கைப் படிக்காமல் சொல்லை மட்டும் உடைத்துப் பார்ப்பவர் எப்போதும் பாதி வழியிலேயே நிற்பார். பல காலம் அகராதி வேலையில் இருந்ததில் எனக்குப் பட்டதைக் கீழே சொல்கிறேன்.

1. கதை அழகாக இருந்தால் அங்கேயே நின்று விசாரியுங்கள்.

ஆங்கில 'சாலரி' லத்தீன் மொழியின் 'சலாரியம்' என்பதிலிருந்து வந்தது. அதற்குள் 'சால்', அதாவது உப்பு, இருக்கிறது. இதுவரை தகராறில்லை. ரோமானியப் போர்வீரர்களுக்குச் சம்பளமாக உப்பையே அளந்து கொடுத்தார்கள் என்று பள்ளிக்கூட மேடையிலிருந்து வாட்ஸ்அப் வரை ஓடுகிறதே, அதற்குத்தான் ஆதாரமில்லை. ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி கி.பி. 77 வாக்கில் எழுதிய 'இயற்கை வரலாறு' நூலின் 31ஆம் பகுதியில், மரியாதைகளிலும் படைப்பணியிலும்கூட உப்புக்கு இடமுண்டு, சலாரியம் என்ற பெயர் அதனால் வந்தது என்று போகிற போக்கில் சொல்கிறார். உப்பைக் கொடுத்தார்கள் என்று அவர் எழுதவில்லை. உப்பு வாங்கக் காசு கொடுத்தார்கள் என்றும் எழுதவில்லை. அதெல்லாம் பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கதை சட்டென்று ஒட்டிக்கொள்கிறது. அதனாலேயே நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

ரோமானியப் போர்வீரன் வாங்கிய சம்பளத்துக்குப் பெயர் 'ஸ்டிபெண்டியம்'. சிறுகாசு, நிறுத்தல் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது அது. உலோகத்தை எண்ணாமல் நிறுத்துக் கொடுத்த காலம் அதில் தங்கியிருக்கிறது. அகஸ்டஸ் காலத்தில் சாதாரண வீரனுக்கு ஆண்டுக்கு 225 தெனாரியஸ் வெள்ளிக்காசு, மூன்று தவணைகளில். யூதேயாவின் மசாதா கோட்டையில் கிடைத்த பாப்பிரஸ் துண்டு ஒன்றில், கி.பி. 70களில் அங்கே பணியாற்றிய காயஸ் மெஸ்ஸியஸ் என்ற பெய்ரூத்துக்காரரின் சம்பளக் கணக்கு இருக்கிறது. வரவு 50 தெனாரியஸ். பிடித்தம்: பார்லிக்கு 16, சாப்பாட்டுக்கு 20, காலணிக்கு 5, தோல்வாருக்கு 2, நார்த்துணிச் சட்டைக்கு 7. கூட்டிப் பாருங்கள், 50 வந்துவிடும். கைக்கு ஒன்றும் வரவில்லை. உப்பைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. எனக்கு உப்புக் கதையைவிட இந்தத் துண்டுச் சீட்டு பெரிது.

2. ஒலி ஒத்துப்போவது போதாது. ஒழுங்காக ஒத்துப்போக வேண்டும்.

கிரேக்கர்கள் கூலியை 'மிஸ்தோஸ்' என்றார்கள், இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஹோமரின் இலியட்டின் 21ஆம் பாகத்தில் இந்தச் சொல் வருகிறது. பொசைடன், அப்பல்லோ என்ற இரண்டு தெய்வங்கள் டிராய் மன்னன் லவோமெதோனிடம் ஓராண்டு கூலிக்கு வேலை செய்கிறார்கள். ஆண்டு முடிவில் மன்னன் கூலியைத் தராமல் மிரட்டித் துரத்திவிடுகிறான். ஹோமர் காலத்திலேயே கூலி என்ற சொல்லோடு கூலி மறுப்பும் ஒட்டிக்கொண்டு வருகிறது.

அதே சொல் பாரசீகத்தில் 'மோஸ்த்'. அதை வாங்குபவர் 'மஸ்தூர்'. அது இந்தி, உருது வழியாக வந்து நம் ஊர்த் தொழிற்சங்கப் பலகைகளில் 'மஸ்தூர் சங்கம்' என்று நிற்கிறது. பழைய ஜெர்மானிய மொழியான காத்திக்கில் 'மிஸ்தோ'. இன்றைய ஜெர்மன் மொழியில் அது 'மீட்டே' ஆகி, வீட்டு வாடகையைக் குறிக்கிறது. ரஷ்யர்களிடம் 'ம்ஸ்தா'. முன்பு வெகுமதி, இப்போது பெரும்பாலும் லஞ்சம். சமஸ்கிருதத்தில் 'மீட' என்று, பரிசு என்ற பொருளில், வேதகால வழக்காக நின்றுவிட்டது.

இவையெல்லாம் ஒரே குடும்பம் என்று எப்படித் தெரியும்? சமஸ்கிருதத்தில் நடுவிலிருந்த ஸகர ஒலி தேய்ந்து, முன்னுள்ள உயிர் நீண்டு, பின்னுள்ள மெய் டகரமாகிவிட்டது. இந்த மாற்றம் இந்த ஒரு சொல்லில் மட்டும் நடந்திருந்தால் நான் நம்பமாட்டேன். பறவைக்கூட்டைக் குறிக்கும் 'நீடம்' என்ற சொல்லிலும் அதே மாற்றம் அப்படியே நடந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அதன் உறவு 'நெஸ்ட்', அங்கே ஸகரம் பிழைத்துக்கொண்டது. இப்படி இரண்டாவது சாட்சி கிடைக்கும்வரை பேனாவைத் திறக்காதீர்கள்.

3. யார் வாங்கியது என்று கேளுங்கள்.

ஒரு மொழிக்கு ஒரு சம்பளச் சொல் என்று பட்டியல் போடுவது பயனற்ற வேலை. பிரெஞ்சில் தொழிலாளிக்கு 'சலேர்', அரசு ஊழியருக்கு 'த்ரெத்மான்', சிப்பாய்க்கு 'சோல்த்', நடிகருக்கு 'கஷே', வக்கீலுக்கு 'ஓனொரேர்'. ஜெர்மனியில் கப்பல் மாலுமியின் சம்பளத்துக்கென்றே 'ஹோயர்' என்று ஒரு சொல் இருக்கிறது. நாமும் அப்படித்தான். கொத்தனாருக்குக் கூலி, குமாஸ்தாவுக்குச் சம்பளம், பேராசிரியருக்கு ஊதியம், புரோகிதருக்குத் தட்சணை. எந்தச் சொல் எந்தப் படியில் நிற்பவருக்கு என்பதில் அந்தச் சமூகம் முழுவதும் தெரிகிறது. 'ஊதியம்' இந்த உயரத்துக்கு வந்தது பிற்காலத்தில்தான். 449ஆம் குறளில் அது வியாபார லாபம்: முதல் போடாதவனுக்குக் கிடைக்காதது.

காசின் பெயரே ஆளின் பெயரானதும் உண்டு. பேரரசர் கான்ஸ்டன்டைன் 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'சோலிடஸ்' என்ற பொற்காசை அடித்தார். ஒரு ரோமானிய ராத்தல் தங்கத்துக்கு 72 காசு. அதிலிருந்து ஸ்பானியர்களின் சம்பளமான 'சுவெல்தோ', இத்தாலியர்களின் பணமான 'சோல்தி', அந்தக் காசுக்குச் சண்டை போடுகிற 'சோல்ஜர்' எல்லாம் வந்தன.

4. சொல்லுக்குள் சோறு இருக்கிறதா என்று பாருங்கள்.

சீனத்தில் சம்பளம் 'ஷின்ஷ்வெய்'. விறகும் தண்ணீரும் என்று பொருள். கவிஞர் தாவோ யுவான்மிங் கி.பி. 405இல் பெங்ட்சே என்ற ஊரில் அதிகாரியாக இருந்தார். வீட்டில் விட்டுவந்த மகனுக்கு ஒரு வேலையாளை அனுப்பி, விறகு வெட்ட, தண்ணீர் சுமக்க உனக்கு உதவியாக இருப்பான், அவனும் ஒருவர் பெற்ற பிள்ளை, நல்லபடியாக நடத்து என்று எழுதியதாக அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அந்த விறகும் தண்ணீரும்தான் பிற்காலத்தில் சம்பளமாயிற்று. தாவோ அந்தப் பதவியில் மூன்று மாதம்கூட இருக்கவில்லை. ஐந்து மரக்கால் அரிசிக்காக எவனுக்கும் முதுகை வளைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அந்த அரிசிதான் அவருடைய சம்பளம். ஹாங்காங்கில் இன்றைக்கும் சம்பள நாளைத் 'தானியம் வழங்கும் நாள்' என்று பொருள்படும் சொல்லால்தான் கான்டனீஸ் பேசுகிறவர்கள் குறிப்பிடுகிறார்கள். பணம் வங்கிக் கணக்கில் விழுகிறது, சொல்லில் இன்னும் தானியம்.

ஜப்பானில் அந்தத் தானியத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். சாமுராய்களின் சம்பளத்தைக் 'கொக்கு' என்ற அளவில் சொல்வார்கள். ஒரு கொக்கு சுமார் 180 லிட்டர் அரிசி, ஓர் ஆள் ஓராண்டு சாப்பிட. இன்று டோக்கியோ எனப்படும் 'எதோ' நகரில், ஆட்சித் தலைவரான ஷோகுனின் ஊழியர்கள் ஆண்டுக்கு மூன்று முறை அசகுசா களஞ்சியத்துக்குப் போய், பெயர்ச் சீட்டைக் குச்சியில் செருகிவைத்துக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை அவர்களுக்காகச் செய்துகொடுக்கத் தரகர்கள் கிளம்பினார்கள். சீட்டுச் செருகுகிறவர்கள் என்பதால் 'ஃபுதசஷி' என்று பெயர். பிறகு அவர்களே அரிசியை விற்றுக் காசாக்கிக் கொடுத்தார்கள், அடுத்த தவணை அரிசியின் மேல் கடன் கொடுத்தார்கள், சாமுராய்களைவிடச் செல்வந்தர்களானார்கள். 1876இல் அரசு இந்தப் பரம்பரை மானியங்களைக் கடன்பத்திரமாக மாற்றிக் கணக்கை முடித்தது. களஞ்சியத்துக்கு முன்னால் என்று பொருள்படும் 'குராமே' இன்றும் டோக்கியோவில் ஒரு ரயில் நிலையத்தின் பெயர்.

பாரசீகத்திலிருந்து உருதுக்கும் இந்திக்கும் வந்த 'தன்க்வா' என்பதில் 'தன்' உடல், 'க்வா' வேண்டுவது. உடல் கேட்பதைக் கொடுப்பது. துருக்கியரின் 'மாஷ்' அரபியில் பிழைப்பு, வாழ்வு என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. அதே வேரில் பிறந்த 'ஐஷ்' எகிப்தில் ரொட்டியின் பெயர்.

5. கொடுத்தவர் என்ன நினைத்துக் கொடுத்தார்?

ஜார் காலத்து ரஷ்யாவில் அரசு ஊழியரின் சம்பளம் 'ஜாலவன்யே', அருளிக் கொடுத்தது. இன்றைய ஈரானில் மாதச் சம்பளம் 'ஹொகூக்', உரிமைகள். இரண்டையும் ஒரே குறிப்புச் சீட்டில் அருகருகே எழுதி வையுங்கள். ஆங்கிலத்தின் 'வேஜ்' இவற்றுக்கு நடுவே நிற்கிறது. அதன் பழைய பொருள் பிணை, வாக்குறுதி. நம் வீட்டு 'என்கேஜ்மென்ட்'டும் 'வெட்டிங்'கும் அதே வேரில் வந்தவைதான்.

6. சில சொற்களில் தோண்ட ஒன்றும் இருக்காது. அரபி 'முஷாஹரா' என்றால் மாதந்தோறும் தருவது. அது கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் சுவாஹிலியில் 'ம்ஷஹாரா' ஆயிற்று. துருக்கி 'ஆய்லிக்'கும் மாதம்தான். எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

7. சொந்த மொழி என்றால் இரட்டிப்புக் கண்டிப்பு வேண்டும்.

சம்பா நெல்லும் உப்பளத்தின் அளமும் சேர்ந்து 'சம்பளம்' ஆயிற்று என்று நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். கேட்க இனிக்கிறது. ஆனால் சமஸ்கிருதத்தில் 'சம்பல' என்ற சொல் வழிப்பயணத்துக்கான கட்டுச்சோற்றைக் குறிக்கிறது. கன்னடம், தெலுங்கு, மலையாளம் மூன்றிலும் இதே சொல் சம்பளம் என்ற பொருளில் வழங்குகிறது. சம்பா நெல்லிலிருந்துதான் வந்தது என்று சொல்பவர் இந்த உண்மைகளுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். எந்தக் கல்வெட்டில், எந்த ஏட்டில், எந்தப் பொருளில் முதலில் வருகிறது என்று காட்ட வேண்டும். காட்டாதவரை அது விருப்பம் மட்டுமே. தமிழின் மேல் அன்பிருப்பவர்தான் இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நெல் வேண்டுமென்றால் வேறு இடத்தில் கண்ணெதிரே கிடக்கிறது. பஞ்சப்படி, பயணப்படி என்கிறோமே, அந்தப் 'படி' நெல் அளக்கும் படியா என்று தேடுங்கள். லாரி டிரைவரும் சினிமா லைட்மேனும் வாங்குகிற 'பேட்டா'வைத் தேடுங்கள். 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி அதை நெல்லைக் குறிக்கும் கன்னடச் சொல்லோடு இணைக்கிறது. அந்தப் பேட்டாவை ராபர்ட் கிளைவ் குறைத்ததற்காக 1766இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படை அதிகாரிகள் கூட்டமாகப் பதவி விலகினார்கள். டிப்போவில் போய் நில்லுங்கள், ஷெட்டில் போய்க் கேளுங்கள். யார் எதைப் பேட்டா என்கிறார்கள், எதைக் கூலி என்கிறார்கள் என்பது அச்சிட்ட அகராதியில் முழுதாக இல்லை.

8. சொல் பட்ட பாட்டையும் எழுதுங்கள்.

'கூலி' வள்ளுவர் 619ஆம் குறளில் ஆண்ட சொல், உழைப்புக்கான பலன். ஐரோப்பியர் வாயில் அது உழைப்பவனின் பெயராகிவிட்டது. அந்தக் 'கூலி' நம் சொல்லா, குஜராத்தின் கோலி என்ற சாதிப் பெயரா என்று அறிஞர்களிடையே இரண்டு கட்சி உண்டு. இரண்டும் கலந்திருக்கலாம் என்பவர்களும் உண்டு. மூன்றையும் எழுதுங்கள். சீனர்கள் அதே ஒலிக்குக் 'கசப்பு', 'வலு' என்ற இரண்டு எழுத்துகளைப் பொருத்தி 'குலி' என்று எழுதிக்கொண்டார்கள்.

சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் போன முதல் இந்தியர்கள் அதில் இருந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் இந்தியர் எவரையும், வக்கீலாக வந்தவரையும் கடை வைத்தவரையும்கூட, இழிவாகக் குறிக்கும் வசவாக இந்தச் சொல் மாறியது. உங்கள் 'கூலி' சீட்டில் குறள் எண்ணை எழுதும்போது கப்பலின் பெயரையும் எழுதுங்கள். அந்த ஒப்பந்தக்காரர்களுக்கு முதல் ஆண்டில் கிடைத்த மாதக் கூலி 10 ஷில்லிங், அதையும் விடாமல் எழுதுங்கள்.