பிஞ்சு விரல்கள் பற்றும் நூல்

கருவில் 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறக்கும் குழந்தைகளைக் குறைமாதக் குழந்தைகள் என்பர். அவர்களுள் பலர் முதற்சில வாரங்களை இன்குபேட்டரில் கழிக்கின்றனர். மூச்சுவிடவும் பால் பெறவும் மெல்லிய குழாய்களே துணை. பெற்றோர் எந்நேரமும் அருகில் இருக்க இயலாது. வேலைக்குச் செல்ல வேண்டும்; வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளையும் கவனிக்க வேண்டும்.

இக்குழந்தைகளுக்காக 2013ஆம் ஆண்டு டென்மார்க்கில் தன்னார்வலர்கள் பருத்தி நூலால் சிறிய ஆக்டோபஸ் பொம்மைகளைப் பின்னத் தொடங்கினர். பொம்மையின் சுருண்ட கால்கள் தொப்புள்கொடியை நினைவூட்டும் என்பது அவர்களின் எண்ணம். அவற்றைப் பற்றிக்கொள்ளும் குழந்தை குழாய்களை இழுப்பது குறைகிறது எனத் தாதியர் சிலர் கூறுகின்றனர். எனினும், இதனை உறுதிப்படுத்தப் போதிய ஆய்வுகள் இல்லை. அதனால், சில மருத்துவமனைகள் இப்பொம்மைகளை ஏற்பதில்லை.

அன்போடு கவனமும் வேண்டும். இழுத்து நீட்டினாலும் கால்கள் 22 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. தாண்டினால் குழந்தையைச் சுற்றிக்கொள்ளக்கூடும். உள்ளிருக்கும் பஞ்சு வெளிவராதபடி நெருக்கமாகப் பின்ன வேண்டும். கிருமிகள் அழிய 60 பாகை செல்சியஸ் வெந்நீரில் துவைக்க வேண்டும்.

பொம்மை பெற்றோருக்கு ஈடாகாது. ஆயினும், அவர்கள் வந்து நெஞ்சோடு அணைக்கும்வரை, முகமறியாத ஒருவரின் உழைப்பு அக்குழந்தையின் கைக்குள் இருக்கிறது.