மண்புழுவின் நோயெதிர்ப்புச் சக்தியும் நனோ வெள்ளியும்

மண்ணைத் துளைத்துக் காற்றும் நீரும் உட்செல்ல வழிசெய்யும் மண்புழு, கிருமிகள் மலிந்த இடத்திலேயே வாழ்கின்றது. மனித உடலைப்போற் பிறபொருளெதிரிகளை உண்டாக்கும் வல்லமை அதற்கில்லை. உடற்குழித் திரவத்தில் மிதக்கும் கலங்களே உட்புகும் பற்றீரியங்களை விழுங்கி அழிக்கின்றன.

கிருமிகளைக் கொல்லும்பொருட்டுச் சில துணிகளிலும் பிற பொருட்களிலும் நனோ வெள்ளி சேர்க்கப்படுகின்றது. இத்துணிக்கைகள் 1 முதல் 100 நனோமீற்றர் வரை பருமனுள்ளவை. ஒரு நனோமீற்றர், மில்லிமீற்றரின் பத்து இலட்சத்திலொரு பங்காகும். துணி கழுவும்போது நீங்கும் வெள்ளி கழிவுநீருடன் சென்று, சுத்திகரிப்பு நிலையச் சேற்றிற் பெரும்பாலும் தங்குகின்றது. பல நாடுகளில் அச்சேறு பசளையாக இடப்படுகின்றது.

ஐசீனியா பெற்றிடா என்னும் மண்புழுவின் கலங்கள் இத்துணிக்கைகளைக் கிருமிகளைப் போலவே உள்ளேற்பது ஆய்வுகூடங்களிற் காணப்பட்டுள்ளது. துணிக்கைகளிலிருந்து கரையும் வெள்ளி அயன்கள் கலத்தைச் சேதப்படுத்துகின்றன. அளவு மிகின் கலம் இறக்கும். ஆகவே இறந்த புழுக்களை மாத்திரம் எண்ணி மண்ணின் நலத்தை மதித்தல் போதாது. உயிருடன் ஊரும் புழுவும் தன் காவலை இழந்திருத்தல் கூடும்.

ஆயினும் ஆய்வுகள் பலவற்றில் இடப்பட்ட அளவு, வயல் மண்ணிற் காணப்படுவதிலும் மிக அதிகம். சேற்றிலுள்ள வெள்ளியிற் பெரும்பகுதி கந்தகத்தோடு சேர்ந்து எளிதிற் கரையாத பொருளாகின்றது. களியும் உக்கலும் வெள்ளியைப் பிணித்து அதன் தீமையைக் குறைக்கும். எனவே, நன்கு உக்கிய எருவையும் கூட்டெருவையும் இட்டு மண்ணைப் பேணுதலும், சோதிக்கப்படாத நகரக் கழிவுச் சேற்றைத் தோட்டங்களுக்கு இடாது விடுதலும் கமக்காரருக்கு நலம் பயக்கும்.