கோர்ஸில் சேரும் முன் ஒரு ஷீட் போடுங்கள்

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. "அப்படியே ஏதாவது ஒரு கோர்ஸிலும் சேர்ந்துவிடு" என்று நாலு பேர் சொல்வார்கள். சேரலாம். அதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி, அந்தக் கம்ப்யூட்டரிலேயே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

எனக்கு ஊர் மரக்காணம். உப்பளத்தில் தை மாதம் முதல் உப்பு வருவதற்கு முன்பே செலவு தொடங்கிவிடும். மழையில் கரைந்த வரப்பைக் கட்ட வேண்டும், சேற்றை வாரிப் போட வேண்டும், பாத்தியைக் காலால் மிதித்து இறுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கூலி உண்டு. கையில் ஒரு பிடி உப்பு வந்திருக்காது. ஆனாலும் அதை யாரும் வீண் செலவு என்று சொல்வதில்லை. படிப்புக்குக் கொடுக்கும் பணமும் இந்த ரகம்தான். 1979-ல் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் தியோடர் ஷுல்ட்ஸ், படிக்கும் நேரத்தில் இழக்கும் சம்பளத்தையும் படிப்புச் செலவில் சேர்க்க வேண்டும் என்றார். நம்மில் பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

என் சித்தப்பா மகன் உப்பளத்தில் வேலை செய்கிறான். போன செப்டம்பரில், "அண்ணே, திண்டிவனத்துல ரெண்டு மாச கம்ப்யூட்டர் கோர்ஸ், ஒன்பதாயிரம் கேக்குறாங்க. சேரட்டுமா?" என்று வந்தான். கையில் 15,000 ரூபாய் வைத்திருந்தான். உட்கார வைத்து லிப்ரே ஆபீஸ் கால்க்கைத் திறந்தேன். இது இலவச சாப்ட்வேர். உங்களிடம் எக்ஸெல் இருந்தால் அதிலும் இதே முறைதான்.

ஏ1 செல்லில் 'பீஸ்' என்று டைப் செய்து, பக்கத்தில் பி1-ல் 9000 கொடுங்கள். ஏ2-ல் 'பஸ்', பி2-ல் 3000 (60 நாள், நாளுக்கு 50 ரூபாய்). ஏ3-ல் 'இழக்கும் கூலி', பி3-ல் 12000 (60 அரை நாள், தலா 200). ஏ4-ல் 'புத்தகம், தேர்வு', பி4-ல் 1000. எண்ணுக்கு முன்னால் 'ரூ.' என்று டைப் செய்துவிடாதீர்கள். கம்ப்யூட்டர் அதை எழுத்து என்று எடுத்துக்கொள்ளும், பிறகு கூட்டச் சொன்னால் எர்ரர் காட்டும்.

இப்போது பி5-ல் கிளிக் செய்து = தட்டுங்கள். பி1-ஐ மவுஸால் கிளிக் செய்து + தட்டுங்கள். இப்படியே பி2, பி3, பி4 வரை சேர்த்து என்டர் கொடுங்கள். 25000 வரும். ஒன்பதாயிரம் என்று வந்தவன் முகம் அப்போதே மாறிவிட்டது!

பி6-ல் கோர்ஸ் முடித்தபின் மாதம் கூடுதலாகக் கிடைக்கும் வருமானம். இதைக் கற்பனையில் போடக் கூடாது. அவனை இரண்டு கடைகளில் விசாரித்து வரச் சொன்னேன். 1500 என்று வந்தது. பி7-ல் = தட்டி, பி5-ஐ கிளிக் செய்து, / தட்டி, பி6-ஐ கிளிக் செய்து என்டர் கொடுங்கள். 16.67. அதாவது போட்ட பணம் திரும்ப 17 மாதம் ஆகும்.

இனிதான் வேடிக்கை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, அளத்தில் வேலை இல்லை. அப்போது படித்தால் கூலி இழப்பு ஏது? பி3-ல் 0 போட்டோம். மொத்தம் தானாக 13000 ஆயிற்று, மாதம் 8.67 ஆயிற்று. பீஸில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, படிக்கும் மாதம்தான் மாறியது. (மழையில் வேறு கூலி கிடைக்கும் என்றால் அந்த நாட்களை மட்டும் சேருங்கள்.)

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு காலத்தில் 6,500 ரூபாய் கட்டிப் படித்தேன். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. மூன்றே மாதத்தில் எல்லாம் மறந்துபோனது. பாத்தி மிதித்துவிட்டுத் தண்ணீர் பாய்ச்சாமல் விட்ட கதைதான். அதனால் பி6-ல் எப்போதும் பாதியைப் போட்டும் பார்ப்பேன். 750 போட்டால் 17.33 மாதம். வருமானம் பாதியாக வந்தால்கூட ஒன்றரை வருடத்தில் பணம் திரும்பிவிடும்.

"அப்ப சேந்துடட்டுமா அண்ணே?" என்றான். பி9-ல் கையிருப்பு 15000 கொடுத்து, பி10-ல் பி9-லிருந்து பி5-ஐக் கழித்தோம். 2000. மூன்று மாத மழைக்கு வைத்திருந்த பணம் அது. வீட்டுக்குக் குறைந்தது 10,000 வேண்டும். ஒன்பது மாதத்தில் பணம் திரும்பும் என்பது சரிதான், ஆனால் நவம்பரில் அரிசி வாங்க வேண்டுமே.

ஆகவே கோர்ஸைத் தள்ளி வைத்தோம். மழை முழுக்க என் வீட்டில் ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுட்டோரியல் பாடங்களைப் படித்தான். இலவசம், தமிழ்க் குரலிலும் உண்டு, சின்னச் சின்ன வீடியோக்கள். பார்த்துக்கொண்டே கூடவே செய்து பழகலாம். சலிப்பு வரும். கட்டிய பணம் போகுமே என்ற பயம் இல்லாததால் பாதியில் நிறுத்தத் தோன்றும். தினமும் ஒரு நேரம் வைத்துக்கொள்வது உதவியது.

பணம் கட்டிச் சேருகிறவர்களுக்கு ஒன்று. அரசுத் தட்டச்சர் வேலையை மனதில் வைத்திருந்தால், சொல்லித் தருவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் ஆபீஸ் ஆட்டோமேஷன் தேர்வுக்கா என்று முதலில் கேளுங்கள். சென்டர் தானே அச்சடித்துத் தரும் சான்றிதழ் வேறு.

ஷீட்டை சேவ் செய்ய மறக்காதீர்கள். அவனுடைய பி9 எண்ணை மாதா மாதம் திருத்திக்கொண்டு வருகிறோம். 23000 வந்தால் அடுத்த மழையில் சேர்ந்துவிடலாம். ஜூலைக் கணக்குப்படி 20000.