படைவீரர் இல்லத்துணைக்கு ஊர் எது?

ஒருவர்க்கு ஊர் எது என்னும் வினா எளிதுபோலத் தோன்றும். பிறந்த ஊரா, வாழும் ஊரா, மீண்டு சென்று வாழக் கருதும் ஊரா என ஆராயின் அதன் அருமை புலப்படும். வரி இறுத்தற்கும் வாக்களித்தற்கும் ஊர் வேண்டப்படுதலின், இவ்வினா சட்டத்திற்கும் உரியதாயிற்று.

பாசறையில் மகளிரொடு உறைதல் இல்லை என்பது தொல்காப்பியக் கற்பியல் கூறும் நெறி. தலைவன் வினைமேற் செல்வான். தலைவி மனைக்கண் ஆற்றியிருப்பாள். அவ்விருத்தலே முல்லைக்கு உரிப்பொருள். அந்நாளில் அவள் ஊர் எதுவென ஐயுற இடமில்லை. இக்காலத்திலோ, காணையைச் சூழ்ந்த சிற்றூர் ஒன்றிற் பிறந்தாள் ஒருத்தி, படைவீரன் ஒருவனை மணந்து, அம்பாலாவிலும் பின்னர்ப் புனேயிலும் அவனோடு வாழ்ந்து, ஆசிரியப்பணியால் ஊதியமும் ஈட்டுகின்றாள் எனக் கொள்வோம். அவளுக்கு ஊர் எது?

முதற்கண் வரியை நோக்குவோம். வேளாண்மை வருவாய் ஒழிந்த ஏனை வருவாய்மீது வரி விதிக்கும் உரிமையை நம் அரசியலமைப்பு ஒன்றிய அரசுக்கே அளித்துள்ளது. ஆதலின், இந்தியாவில் வசிப்பவரா என்பதே வருமானவரிச் சட்டத்தின் வினா; எம்மாநிலத்தில் வசிப்பவர் என்பதன்று. அவள் எத்துணை முறை இடம் பெயரினும் அவ்வரி மாறாது. ஆண்டொன்றுக்கு 2,500 ரூபாய்க்கு மேற்படாத தொழில்வரி ஒன்றே மாநிலந்தோறும் வேறுபடுவது.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ மாநிலங்களுள் பலவும் தனித்தனியே வருமானவரி விதிக்கின்றன. டெக்சாசில் அவ்வரி இல்லை; கலிபோர்னியாவில் உண்டு. டெக்சாசுக்குரிய வீரன் ஆணையின்வழிக் கலிபோர்னியா சென்றால், அவன் படை ஊதியத்திற்கு அங்கே வரியில்லை. இப்பாதுகாப்பு 1942இல் அமைந்தது. உடன்சென்ற மனைவியோ தன் ஊதியத்திற்கு வரி இறுத்தல் வேண்டியிருந்தது. இக்குறை 2009இல் இயற்றிய சட்டத்தால் நீங்கலாயிற்று. எனினும் இருவர்க்கும் முன்னரே ஒரே உறைவிட மாநிலம் இருத்தல் வேண்டும் என்பது அதன் வரம்பு. 2018ஆம் ஆண்டுச் சட்டம், கணவன் அல்லது மனைவியாகிய வீரரின் மாநிலத்தையே துணைவரும் தேர்ந்துகொள்ள வழிசெய்து அவ்வரம்பை நீக்கிற்று.

நிற்க. நம் நாட்டில் இவ்வினா எழுவது வாக்குரிமையிலேயாம். 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, படைப்பணி இல்லையாயின் வீரன் எத்தொகுதியில் வாழ்ந்திருப்பானோ அத்தொகுதியையே அவனுக்கு உறைவிடமாகக் கொள்கின்றது. அவனோடு உடனுறையும் மனைவிக்கும் அதுவே தொகுதி. ஆயின் அச்சட்டம் கூறியது 'மனைவி' என்னும் சொல்லை. 1992 முதல் மருத்துவம் அல்லாத பிரிவுகளிலும் மகளிர் படையதிகாரிகளாயினர். அவர்தம் கணவர்க்கு அவ்வுரிமை இல்லாதிருந்தது. 2021ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமே அச்சொல்லை மாற்றி, கணவன் மனைவி இருவர்க்கும் பொதுவான சொல்லை அமைத்தது. ஒரு சொல்லின் பால் வேறுபாடு உரிமையையே தடுத்தல் காண்க.

ஈண்டு நினைவிற்கொள்ளத் தக்கது ஒன்றுண்டு. இவ்வுரிமை உடனுறைவார்க்கே உரியது. முல்லைத் தலைவிபோல ஊரிலேயே தங்கிய மனைவி, ஏனையோர்போலத் தன் ஊர்ப் பட்டியலிலேயே பெயர் பதிதல் வேண்டும். கணவன் பதிவு அவளுக்கு உதவாது. படைப்பணியிற் சுற்றத்தாரை உடைய மாணவர் இதனை அவர்க்கு எடுத்துரைப்பாராக. ஆணையாற் பெயர்ந்தவர் தம் ஊரை இழத்தல் கூடாது. அன்பினால் உடன்பெயர்ந்தவரும் இழத்தல் கூடாது. இவ்விரண்டனுள் பின்னதை உணரவே சட்டங்களுக்கு நெடுங்காலம் வேண்டியிருந்தது.