அடுத்த பங்க் எங்கே? ஆஸ்திரேலியப் பாலைத் தடங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது

ஆஸ்திரேலியாவின் உட்பகுதிக்கு ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் போய், வழியெல்லாம் கூடாரமடித்துத் தங்கிவர ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் வண்டியைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். லேண்ட் குரூசரா பேட்ரோலா, கூரையில் கூடாரமா பின்னால் டிரெய்லரா என்று மாதக்கணக்கில் விவாதம் ஓடும். எந்தத் தடத்தில் போவது என்பது கடைசியில் யாரோ காட்டிய ஒரு வீடியோவைப் பார்த்து முடிவாகும். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. முதலில் தடம், பிறகுதான் வண்டி. தடத்தை எடைபோட ஒரு கேள்வி போதும்: இந்த பங்க்கை விட்டால் அடுத்த பங்க் எத்தனை கிலோமீட்டரில்? எவ்வளவு டீசல், எவ்வளவு தண்ணீர், எத்தனை நாள், எத்தனை வண்டி என்பதெல்லாம் அந்த ஒரு எண்ணிலிருந்து பிறக்கும்.

இங்கே நான்கு தடங்களை எடுத்துக்கொள்கிறேன். கேப் யார்க், டனாமி, கிரேட் சென்ட்ரல் ரோடு என்று இன்னும் பல உண்டு. ஆனாலும் இந்த நான்கையும் அளந்துவிட்டால் மற்றவற்றை நீங்களே அளந்துகொள்ளலாம்.

ஊட்னடாட்டா தடம்

தென் ஆஸ்திரேலியாவில் மாரீ என்ற சிற்றூரிலிருந்து மார்லா வரை ஏறத்தாழ 620 கி.மீ. மண்சாலை. வழியில் வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா இரண்டிலும் எரிபொருள் கிடைக்கும். ஆக, பங்க்குக்கு பங்க் சுமார் 200 கி.மீ.தான். காய்ந்த காலத்தில் சாதாரணக் காரே போய்வந்துவிடும். அதனாலேயே சிலர் இதை இளப்பமாகப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய கான் ரயில்பாதை இந்த வழியாகத்தான் போனது. 1980இல் பாதையை மேற்கே மாற்றும்வரை ரயில் ஓடியது. 1872இல் முடிந்த தந்திக் கம்பியும் ஏறத்தாழ இதே வழிதான். காரணம் தண்ணீர். பூமிக்கடியில் இருக்கும் மாபெரும் ஆர்ட்டீசியன் நீர்ப்படுகை இந்த விளிம்பில்தான் ஊற்றுகளாக வெளியே வருகிறது. பழங்குடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நடந்த வழியும் இந்த ஊற்றுகளைப் பிடித்துப் போன வழிதான். கவர்ட் ஸ்பிரிங்ஸில் கூடாரமடித்து ஊற்றுநீரில் உட்காரலாம். கடல்மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே கிடக்கும் ஏர் ஏரியையும் எட்டிப்பார்க்கலாம்.

இதோடு மாரீயிலிருந்து வடக்கே போகும் பேர்ட்ஸ்வில் தடத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அது 517 கி.மீ. நடுவில் மங்கரானி விடுதியில் டீசல் உண்டு. நீண்ட இடைவெளி 300 கி.மீ.யைக் கொஞ்சம் தாண்டும்.

கிப் ரிவர் ரோடு

மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கே, கிம்பர்லி பகுதியில், டெர்பியிலிருந்து கனனரா பக்கம் வரை சுமார் 660 கி.மீ. மாட்டுப் பண்ணைகளிலிருந்து மாடுகளை லாரியில் கொண்டுவரப் போட்ட சாலை. இங்கே டீசல் பிரச்சினை பெரிதில்லை, பிரச்சினை டயர். சாலை முழுக்கத் தகரக் கூரை மாதிரி நெளிநெளியாக இருக்கும், அதன்மேல் கூரான கற்கள். நெளிவில் மணிக்கணக்காக ஓடினால் ஷாக் அப்சார்பர் கொதித்துச் செத்துப்போகும், கூரைக் கேரியரின் போல்ட்டுகள் கழன்று விழும். டயர் அழுத்தத்தை 40 பிஎஸ்ஐயிலிருந்து 28 அளவுக்கு இறக்கி, வேகத்தையும் அதற்கேற்பக் குறைப்பதுதான் மருந்து. ஸ்டெப்னி ஒன்று போதாது, இரண்டு வேண்டும்.

அழகில் இந்த நான்கில் இதற்கே முதலிடம். பெல் கோர்ஜ், மேனிங் கோர்ஜ், வின்ஜானா என்று வரிசையாகப் பள்ளத்தாக்குகள், குளிக்க அருவிகள். மிட்செல் அருவிக்குப் பிரிந்து போனால் மட்டும் கணக்கு மாறும். பிரிவிலிருந்து போகவர 500 கி.மீ. அளவில் ஆகும், சாலையும் இன்னும் மோசம். இன்னொன்று, ஆற்றைக் கடக்கும்முன் இறங்கி நடந்து ஆழம் பார்ப்பது மற்ற இடங்களில் நல்ல பழக்கம். பென்டிகோஸ்ட் ஆற்றில் அதைச் செய்யக் கூடாது. அங்கே உப்புநீர் முதலைகள் இருக்கின்றன. முன்னால் போகிற வண்டி எப்படிக் கடக்கிறது என்று கரையிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

சிம்ப்சன் பாலைவனம்

மவுண்ட் டேர் விடுதியில் டீசல் போட்டால் அடுத்து பேர்ட்ஸ்வில்லில்தான். குறுக்கே, பிரெஞ்ச் லைன் என்கிற தடத்தில், ஏறத்தாழ 550 கி.மீ. நடுவில் ஒன்றுமே கிடையாது. 1963இல் ஒரு பிரெஞ்சு எண்ணெய் நிறுவனம் நிலத்தடியை ஆராய நேர்க்கோடாகப் போட்ட பாதை இது. எண்ணெய் கிடைக்கவில்லை, பாதை மட்டும் மிஞ்சியது. மணற்குன்றுகள் வடக்கு தெற்காக அடுக்கிக் கிடக்கின்றன, பாதை கிழக்கு மேற்காகப் போகிறது. அதனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குன்றுகளை ஒவ்வொன்றாக ஏறி இறங்கியே ஆகவேண்டும். பேர்ட்ஸ்வில்லுக்கு 35 கி.மீ. முன்னால் நிற்கும் பிக் ரெட் என்ற குன்று சுமார் 40 மீட்டர் உயரம்.

இங்கே ஓட்டுகிறவரின் திறமையைவிட டயரில் உள்ள காற்றுதான் முக்கியம். 16, 18 பிஎஸ்ஐ வரை இறக்கினால் டயர் பரந்து மணல்மேல் மிதக்கும். காற்றை இறக்காமல் வேகத்தை நம்பி ஏறுகிறவர்களால்தான் குன்றுகளின் முகம் பள்ளம் பள்ளமாகிக் கிடக்கிறது. டிரெய்லர்களுக்கும் அதில் பங்குண்டு. மேற்கிலிருந்து கிழக்கே போவது நல்லது, குன்றின் மேற்குச் சரிவு சாய்வு குறைந்தது. எதிரே வருகிறவருக்குத் தெரிய உயரமான கொடி கட்டவேண்டும் என்பது சட்டம். ரேடியோவில் 10ஆம் சேனலை வைத்துக்கொள்ள வேண்டும். தென் ஆஸ்திரேலியப் பகுதிக்கு டெசர்ட் பார்க்ஸ் பாஸ் வாங்க வேண்டும். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பாலை மூடப்பட்டிருக்கும்.

டீசல் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சுமையேற்றிய வண்டி மணலில் 100 கி.மீ.க்கு 20 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால் 550 கி.மீ.க்கு 110 லிட்டர். சிக்கிக்கொண்டு முன்னும் பின்னும் இழுப்பதற்கு, வழி தவறுவதற்கு என்று கால்பங்கு சேர்த்தால் ஏறத்தாழ 140. ஹைலக்ஸின் டேங்க் 80 லிட்டர். மூன்று 20 லிட்டர் கேன் கூடவே போகவேண்டும். லேண்ட் குரூசர் ட்ரூப் கேரியருக்கு 180 லிட்டர், கேனே வேண்டாம். வண்டியைத் தடம்தான் தேர்ந்தெடுக்கும் என்று மேலே சொன்னது இதைத்தான்.

பிரெஞ்ச் லைன் பயமாக இருந்தால் ரிக் ரோடு இருக்கிறது. நீளம் கூடுதல், ஏற்றங்கள் சுலபம். அதற்கேற்ப டீசலும் கூடும். எதில் போனாலும் கிளம்பும்முன் டல்ஹவுசி ஊற்றில் ஒரு இரவு தங்குங்கள். உடம்புச் சூட்டை ஒட்டிய வெந்நீர்க் குளம். அதற்கப்புறம் பேர்ட்ஸ்வில் வரை குளியல் கிடையாது.

கானிங் ஸ்டாக் ரூட்

வைலூனாவிலிருந்து ஹால்ஸ் கிரீக் பக்கம் வரை சுமார் 1850 கி.மீ. மூன்று பாலைவனங்கள், இரண்டு மூன்று வாரம். வைலூனாவை விட்டால் குனவரிட்ஜி என்ற பழங்குடிக் குடியிருப்பில்தான் டீசல். அது ஏறத்தாழ 1000 கி.மீ. தள்ளி. மேலே போட்ட கணக்கின்படியே 250 லிட்டர். அதன் எடை மட்டும் 210 கிலோ.

1906இல் ஆல்ஃபிரட் கானிங் என்ற நில அளவையாளர் மாடு ஓட்டும் வழியாக இதை அளந்தார். நீர்நிலைகளைக் காட்டும்படி பழங்குடி மக்களைச் சங்கிலியால் கட்டி இழுத்துப் போனார். இதுபற்றி 1908இல் அரச விசாரணை ஆணையமே அமர்ந்தது. அது அவரைக் குற்றமற்றவர் என்றது. அதன்பின் ஐம்பதையொட்டிய கிணறுகள் வெட்டப்பட்டன. அவற்றில் பல அந்த மக்களின் பழைய நீர்நிலைகள்மேலேயே வெட்டப்பட்டவை. இன்று இந்த நிலத்தின் உரிமை மார்ட்டு முதலிய மக்களுக்குச் சட்டப்படி ஏற்கப்பட்டிருக்கிறது. அவர்களிடம் அனுமதி பெற்றுத்தான் போகவேண்டும். கிணறுகளில் பல இடிந்துவிட்டன. நல்ல தண்ணீர் எல்லாவற்றிலும் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

சிம்ப்சனை ஒருமுறையாவது கடந்திராதவர்கள் இதை நினைக்க வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. கடந்தவர்களும் மூன்று வண்டியாகப் போங்கள், ஒருவருக்காவது மெக்கானிக் வேலை தெரிந்திருக்கட்டும்.

எப்போது

மே முதல் செப்டம்பர் வரை. கோடையில் உட்பகுதி கொல்லும்; வடக்கே கிப் ரிவர் ரோடு மழையில் மூடிவிடும். ஜூலை இரவில் பாலையில் உறைநிலைக்குக் கீழே போவதுண்டு, நல்ல ஸ்லீப்பிங் பேக் அவசியம். செப்டம்பர் தொடக்கத்தில் பேர்ட்ஸ்வில்லில் குதிரைப் பந்தயம். நூறு பேர் இருக்கும் ஊருக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும்.

வானம் தெளிந்திருந்தாலும் சாலை மூடியிருக்கலாம் என்பதைப் புதியவர்கள் நம்பமாட்டார்கள். குயின்ஸ்லாந்தில் பெய்த மழை வாரக்கணக்கில் மெதுவாக ஓடிவந்து ஒரு சொட்டு மழை பெய்யாத இடத்தில் கூப்பர் கிரீக்கை நிரப்பி பேர்ட்ஸ்வில் தடத்தை அறுத்துவிடும். 2025இல் மேற்கு குயின்ஸ்லாந்தில் வந்த பெருவெள்ளம் இப்படித்தான் ஏர் ஏரிவரை இறங்கியது. அந்தந்த மாநிலத்தின் சாலை நிலவரத்தைக் கிளம்பும் அன்று காலையிலும் பாருங்கள். மூடிய சாலையில் ஓட்டினால் அபராதம்.

சொந்த வண்டியா, வாடகையா

ஊட்னடாட்டா, கிப் இரண்டுக்கும் வாடகை வண்டியே நல்லது. அந்த நெளிவில் யாருடைய ஷாக் அப்சார்பரோ தேயட்டும். ஆனால் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். கிப்பை அனுமதிக்கும் நிறுவனங்களும் பெரும்பாலும் சிம்ப்சனையும் கானிங்கையும் தடுத்திருப்பார்கள். அந்த இரண்டுக்கும் சொந்த வண்டி அல்லது ஏற்கெனவே போய்வந்த குழு ஒன்றோடு சேர்ந்துகொள்வது.

சொந்த வண்டியில் வரும் நோய் சுமை. பம்பர், வின்ச், இரண்டாவது பேட்டரி, பிரிட்ஜ், கூரைக் கூடாரம் என்று மாட்டிக்கொண்டே போனால் டீசலும் தண்ணீரும் ஏற்றும்முன்பே வண்டியின் மொத்த எடை வரம்பு தாண்டிவிடும். தாண்டினால் விபத்தில் காப்பீடு கைவிரிக்கலாம். எல்லாவற்றையும் ஏற்றி, ஆட்களையும் உட்காரவைத்து எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். என்னைக் கேட்டால் முதலில் இறக்கவேண்டியது கூரைக் கூடாரத்தைத்தான். மணற்குன்றின் சரிவில் உச்சியில் இருக்கும் எடை ஆபத்து. பகலில் சற்று வெளியே போகவேண்டும் என்றாலும் மடித்தாக வேண்டும். இருவர் என்றால் சுருட்டி வைக்கும் கான்வாஸ் படுக்கையான ஸ்வாக், குழந்தைகளோடு என்றால் தரையில் அடிக்கும் கூடாரம். டிரெய்லர் முதல் இரண்டு தடங்களோடு நிற்கட்டும்.

எரிபொருளில் டீசல் வண்டியே உசத்தி. பெட்ரோலைக் கேனில் சுமப்பது ஆபத்து. இன்னொன்றும் இருக்கிறது. தடத்தின் நடுவில் ஸ்பினிஃபெக்ஸ் புல் வளர்ந்திருக்கும். அதன் காய்ந்த தாளும் விதையும் வண்டிக்கடியில் சூடான குழாயைச் சுற்றி அடைந்து தீப்பிடிக்கும். எரிந்த வண்டிகளின் எலும்புக்கூடுகள் கானிங் ஓரத்தில் கிடக்கின்றன. டீசல் வண்டிக்கும் இது வரும். நிற்கும்போதெல்லாம் குனிந்து பார்த்துப் பிடுங்கிப் போடுங்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

தண்ணீர், சாப்பாடு

ஆளுக்கு நாளைக்கு 7 லிட்டர் என்று கணக்கிட்டு, திட்டமிட்ட நாட்களோடு மூன்று நாள் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே தொட்டியில் வேண்டாம். ஒரு கல் பட்டு ஓட்டையானால் எல்லாம் போய்விடும். நம் சமையலில் அரிசி களைவதற்கே தண்ணீர் நிறையப் போகும். சிறிய குக்கர் ஒன்று தண்ணீரையும் கேஸையும் மிச்சப்படுத்தும். மாநில எல்லையில் தக்காளி, மிளகாய், பழம் எதையும் கையில் வைத்திருக்காதீர்கள். பழ ஈ பரவாமலிருக்கத் தென் ஆஸ்திரேலியாவும் மேற்கு ஆஸ்திரேலியாவும் பறிமுதல் செய்யும். மேற்கில் தேனையும் விடமாட்டார்கள். புளி, பருப்புப்பொடி, ஊறுகாய் வைத்து எல்லையைத் தாண்டி, பிறகு காய்கறி வாங்கிக்கொள்ளலாம்.

யாருக்கு எது

முதல்முறை, பத்து நாள் விடுப்பு, குழந்தைகள் உண்டு என்றால் ஊட்னடாட்டா. மூன்று வாரமும் குளிக்கும் ஆசையும் இருந்தால் கிப். இரண்டு வண்டியும் மணல் ஓட்டிய அனுபவமும் இருந்தால் சிம்ப்சன். கானிங்கைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன்.

எதில் போனாலும் செல்போனை மறந்துவிடுங்கள். சாட்டிலைட் போன் ஒன்றும், 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன் ஒன்றும் கட்டாயம். பீக்கன் உதவி வேண்டும் என்று மட்டும் சொல்லும், என்ன ஆயிற்று என்று சொல்லாது; அதனால்தான் இரண்டும். வண்டி நின்றுவிட்டால் அதைவிட்டு நடக்காதீர்கள். 1963 டிசம்பரில் பேர்ட்ஸ்வில் தடத்தில் பெட்ரோல் தீர்ந்து நின்ற காரை விட்டு நடந்த ஐந்து பேர் குடும்பம் முழுவதும் இறந்துபோனது. வானிலிருந்து தேடுகிறவர்களுக்கு ஆளைவிட வண்டி எளிதில் தெரியும். ஊரில் நம்பகமான ஒருவரிடம் உங்கள் வழியை எழுதிக் கொடுங்கள்: எந்த நாள், எத்தனை மணிக்குள் உங்கள் போன் வராவிட்டால் போலீசுக்குச் சொல்லவேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும்.