புத்தர் பெருமான் காட்டிய நெறி

பல சமயத்தினர் ஒருங்கே வாழும் இடங்களில், ஒருவர் மற்றவரின் சமயத்தைப் பற்றிச் சிறிதேனும் அறிந்திருத்தல் நலம் பயக்கும். அறியாமையினின்றே ஐயமும் ஏளனமும் பிறக்கின்றன. தோட்டத்திலும் பட்டணத்திலும் நம்மோடு பழகும் சீன அன்பர்களுள் பலர் பௌத்தர்கள். சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட கணக்கின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் நூற்றுக்கு 31 பேர் பௌத்த சமயத்தினர் ஆவர். அவர்தம் சமயம் கூறுவது யாது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஆயிரம் விளக்கு ஆலயம்

சிங்கப்பூர் செல்லும் தமிழர்கள் சிராங்கூன் சாலைக்குச் செல்லாமல் திரும்புவதில்லை. அச்சாலைக்கு அருகே, ரேஸ்கோர்ஸ் சாலையில், சாக்கியமுனி புத்த கயா ஆலயம் உள்ளது. 1927ஆம் ஆண்டில் சயாம் நாட்டுப் பிக்கு வுத்திசாசரர் இதனை நிறுவினார். உள்ளே ஏறத்தாழ 15 மீட்டர் உயரமுள்ள புத்தர் சிலை அமர்ந்த கோலத்தில் விளங்குகிறது. சிலையைச் சூழ்ந்த விளக்குகளால் இதனை 'ஆயிரம் விளக்கு ஆலயம்' என மக்கள் அழைக்கின்றனர். இங்கே விநாயகர் திருவுருவமும் உண்டு. சிலையின் பீடத்தைச் சுற்றிலும் புத்தரின் வரலாற்றுக் காட்சிகள் அமைந்துள்ளன.

அவ்வரலாறு இதுதான்: ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன்னர், சாக்கியர் குலத்தில் சித்தார்த்தர் பிறந்தார். செல்வத்தில் வளர்ந்த அவர், முதுமையையும் நோயையும் சாவையும் கண்டு உள்ளம் கலங்கினார். 29ஆம் வயதில் மனைவியையும் மகனையும் அரண்மனையையும் துறந்தார். கடுந்தவத்தால் உடலை வருத்தியும் அவர் தேடிய உண்மை கிட்டவில்லை. பின்னர் 35ஆம் வயதில், கயையில் அரச மரத்தடியில் ஆழ்ந்த தியானத்தில் ஞானம் பெற்றார். 'புத்தர்' என்பதற்கு விழிப்புற்றவர் என்பது பொருள். 80ஆம் வயது வரை ஊர் ஊராக நடந்து அறம் உரைத்தார்.

நான்கு உண்மைகள்

நல்ல மருத்துவர் முதலில் நோயை அறிவார். அடுத்து அதன் காரணத்தை ஆராய்வார். அது தீரும் என்று தெளிவார். இறுதியில் மருந்து தருவார். புத்தரின் போதனையும் இம்முறையிலேயே அமைந்துள்ளது. வாழ்வில் துன்பம் உண்டு. அத்துன்பத்திற்குக் காரணம் ஆசை. ஆசை நீங்கினால் துன்பமும் நீங்கும். நீக்குவதற்கு எட்டு உறுப்புகள் கொண்ட வழி ஒன்று உண்டு. நற்காட்சி, நல்லெண்ணம், நன்மொழி, நற்செயல், நல்வாழ்க்கை, நன்முயற்சி, நற்கடைப்பிடி, நல்லமைதி என்பன அவ்வெட்டு.

உடலைக் கொண்டாடுவதும் வேண்டாம், வதைப்பதும் வேண்டாம் என்பதால் இவ்வழிக்கு 'நடுவழி' என்ற பெயரும் உண்டு. பால்மரம் வெட்டுவோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. கத்தி மேலோடு சீவினால் பால் வராது. ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். அளவறிந்து வெட்டும் கையே நல்ல கை.

ஐந்து ஒழுக்கங்கள்

பௌத்தர்கள் புத்தர், தருமம், சங்கம் என்னும் மும்மணிகளைச் சரணடைகின்றனர். இல்லறத்தார் ஐந்து ஒழுக்கங்களை மேற்கொள்கின்றனர். உயிரைக் கொல்லாமை, பிறர் பொருளைத் திருடாமை, பிறன் மனைவியை விரும்பாமை, பொய் கூறாமை, மதுவை அருந்தாமை என்பன அவை. இவை பிறர் இடும் கட்டளைகள் அல்ல. ஒவ்வொருவரும் தாமே விரும்பி ஏற்கும் பயிற்சிகள்.

இவ்வைந்தும் நமக்குப் புதியவை அல்ல. திருக்குறளில் கொல்லாமை, கள்ளாமை, பிறனில் விழையாமை, வாய்மை, கள்ளுண்ணாமை என ஐந்திற்கும் தனித்தனி அதிகாரங்கள் உள்ளன. தமிழின் பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய மணிமேகலை பௌத்த நூலே. அதன் தலைவி, அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை ஏந்திப் பசித்தோர்க்குச் சோறிட்டவள். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரை ஒன்றை எழுப்பியபோது, சிவபக்தனாகிய முதலாம் இராசராச சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை வழங்கினான். பிற சமயத்தை மதிப்பதால் தன் சமயம் குறைந்துவிடாது என்பதை அம்மன்னன் அறிந்திருந்தான்.

வழிபாடும் விசாகமும்

பௌத்த ஆலயங்களில் மலரும் விளக்கும் ஊதுவத்தியும் வைத்து வணங்குகின்றனர். வாடும் மலர் நிலையாமையை உணர்த்துகிறது. விளக்கு அறிவையும், நறுமணம் நல்லொழுக்கத்தையும் குறிக்கின்றன. நாம் ஆங்குச் சென்றால் காலணியைக் கழற்ற வேண்டும். உட்காரும்போது சிலையை நோக்கிக் கால் நீட்டலாகாது.

புத்தரின் பிறப்பு, ஞானம், மறைவு ஆகிய மூன்றையும் நினைவுகூரும் நாள் விசாகத் திருநாள். சிங்கப்பூரில் அது பொது விடுமுறை நாள். அன்று பலர் புலால் உண்பதில்லை, தானம் செய்கின்றனர். பிரைட் ஹில் சாலையிலுள்ள பெரிய மடாலயத்தில், பக்தர்கள் மூன்று அடிக்கு ஒரு முறை மண்டியிட்டு வணங்கியவாறே சுற்றி வருவர்.

நம் கையில் உள்ளது

இச்சமயத்தின் உயிர்நாடி வினைப்பயன் பற்றிய கொள்கையாகும். விதைத்ததே விளையும் என்பதால், துன்பத்தைத் தலைவிதி என்று ஏற்றுக்கொண்டு ஓய்ந்திருக்க வேண்டியதில்லை. காரணம் தெரிந்தால் அதனை நீக்கலாம். சம்பள நாளன்று மதுக்கடையில் கரையும் பணத்தை எண்ணிப் பாருங்கள். வீட்டில் அடுப்பு எரியாததற்கும், பிள்ளையின் பள்ளிச் செலவுக்குக் கடன் வாங்குவதற்கும் அதுவே காரணமாயின், அதனை நீக்கும் ஆற்றலும் குடிப்பவரிடமே உள்ளது. அதற்காக எவரும் தம் சமயத்தை விட்டு மாற வேண்டுவதில்லை. புத்தரும் வள்ளுவரும் ஒருங்கே கூறிய ஒழுக்கம் அது. ஐந்தனுள் எது நம் குடும்பத்திற்கு மிகுதியும் தேவையோ, அதனை முதலில் கைக்கொள்வோமாக.